சூசைதாசனின் இடது கை

கொட்டாஞ்சேனை மாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் பதினைந்து வீட்டுக்காரர் வந்திருந்தனர். மேசைக்குப் பின்னால் தலைவர் ஒஸ்வால்ட். பதினொரு வருடமாக அதே கதிரை. வலப்பக்கம் மைத்துனன் றொஹான். கதவடியில் புளோறன்ஸ், அவளருகே போட்டிக்கு நின்ற ஷரீப். ஜன்னலோரம் சில்லுக்கதிரையில் சூசைதாசன். பாரிசவாதத்தில் வலது கையும் பேச்சும் போனவர். பக்கத்தில் அவர் மனைவி, செயலாளர் ஜீவராணி. மற்றவர்கள் சுவரோரமாக.

வீட்டுக்கு ஒரு வோட்டு. வீடு சூசைதாசனின் பெயரில். ஷரீபுக்காக ஒரு கிழமையாய் இடது கையைத் தூக்கிப் பழகியிருந்தார்.

“நான் தலைவராய்த் தொடர்ந்து இருக்க விருப்பமானாக்கள் கையைத் தூக்குங்கோ.”

ஜீவராணி எண்ணினாள். ஏழு. ஒஸ்வால்டும் எண்ணியிருக்கவேண்டும். எழும்பி வந்து, சூசைதாசனின் உயிரற்ற வலது கையை மணிக்கட்டில் பிடித்து உயர்த்தினார்.

“தாசன் அண்ணை எப்பவும் என்ர பக்கம்தான். எட்டு. எழுதுங்கோ ராணி அக்கா.”

அவள் பேனை எட்டு என்று எழுதியது.

“ஷரீபுக்கு?”

ஏழு கைகள். எட்டாவதாக, மெல்ல மெல்ல உயர்ந்து, சூசைதாசனின் இடது கை.

“அடேயப்பா, ஒராளுக்கு ரெண்டு வோட்டோ!” றொஹான் சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

“மற்றக் கையைத் தூக்கினது நீங்களெல்லோ?” என்றாள் புளோறன்ஸ், ஒஸ்வால்டைப் பார்த்து.

“ஒரு ஒத்தாசைக்குப் பிடிச்சனான், தங்கச்சி. அதுவும் பிழையோ?”

மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

இடது கையை எண்ணாமல், எட்டுக்கு ஏழு என்று முடிந்தது. முடிவை வீடமைப்புக் கந்தோருக்கு எழுதவேண்டியவள் ஜீவராணி. லிப்ட் பழுதாகி மாதக்கணக்கு. கீழ்த்தட்டில் வீடு கேட்டு அவர்கள் கொடுத்த விண்ணப்பமோ, சிபாரிசுக்காக, ஒஸ்வால்டின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

வீட்டில் அவர் சேர்ட்டைக் கழற்றும்போது கண்டாள். மணிக்கட்டில் நாலு விரல் அடையாளம், சிவந்துபோய். நோவு தெரியாத அந்தக் கையையே சூசைதாசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளதை எழுதினால் கீழ்வீடு கிடையாதப்பா,” என்றாள்.

அவர் மேசையிலிருந்த தாளை, காத்தாடிக் காற்றுக்குப் பறக்காமல், இடது கையால் அழுத்திப் பிடித்தார்.

அவள் இலக்கமிட்டு எழுதினாள். ஒன்று: தலைவருக்கு ஏழு, ஷரீபுக்கு எட்டு. இரண்டு: தலைவருக்கு எட்டாவதாக உயர்ந்த கையைத் தூக்கியவர் தலைவரே. மூன்று: அதை எண்ணி எழுதியது என் பிழை.

மறுநாள் தபால்கந்தோரில் உறையின் ஓரத்துக்குப் பசை தடவி, விரலால் நீவி ஒட்டினாள்.

“ரெஜிஸ்டர்,” என்று கண்ணாடிக்கு அப்பால் நீட்டினாள்.