மூன்றாவது போட்டோ

குழாயிலிருந்து தொட்டிக்குள் கொட்டுகிற தண்ணீரின் அடியில் தலையைக் கொடுத்துக் குந்தியிருந்தான் சின்னண்ணன். மகளைப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் எல்லோரும் குளித்து, ஈர வேட்டியோடு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன தண்ணீருக்காகத்தானே நேற்று அவளைத் தனியாக அனுப்பினான்! கரண்ட் வந்திருக்கிறது, போவதற்குள் மரவள்ளிக்குப் பாய்ச்சிவிட வேண்டும் என்று காட்டுக்கு ஓடினான். மரவள்ளிக்கு என்ன, நன்றாகத்தான் நிற்கிறது.

"சின்னண்ணா, எந்திரி சாமி. போதும்."

கல்யாணத் தரகர் கைலாசம் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து நீட்டினார்.

"சங்ககிரிக்காரங்க குடுத்துடச் சொன்னாங்க. செத்த புள்ளை படத்தை ஊட்டுல வெச்சுக்கக் கூடாதாமா. இன்னைக்குப் போயி இதைக் குடுக்கறேனேன்னு நெனைக்காதே. நானும் வெச்சுக்க முடியாது பாரு."

உறையை வாங்கிப் பிரித்தான். உள்ளே இருந்தது மகள் வசந்தாமணியின் போட்டோ. இரட்டைச் சடை, காதோரம் ரிப்பன். சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொல்லியிருப்பான் போல, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியும் கண் சிரித்தது.

ஐயோ, இதைத்தானே தேடினாள்!

மாசி மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போட்டோக்காரன் வந்து பிளஸ் டூ பிள்ளைகளை எல்லாம் நிற்க வைத்து எடுத்தான். ஆளுக்கு மூன்று போட்டோ கொடுத்துவிட்டுப் போனான். எந்த ஊர்க்காரனோ, அப்புறம் கண்ணிலேயே படவில்லை. டாக்டர் படிப்புக்கு இப்போது நுழைவுத் தேர்வு என்று ஒன்று வைக்கிறார்களே, அந்த விண்ணப்பத்துக்கு இரண்டு போட்டோ போய்விட்டது. மூன்றாவதை வசந்தாமணி விலங்கியல் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினாள். அதைத்தான் சின்னண்ணன் யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கைலாசத்திடம் கொடுத்தான். எழுதுவது எழுதட்டும், கிடைக்கவா போகிறது என்று நினைத்தான். மாப்பிள்ளை வீடு சங்ககிரியில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் லாரி ஓட்டுகிற நல்ல குடும்பம். காட்டி வைப்பதில் என்ன குறைந்துவிடும் என்றும் நினைத்தான்.

திங்கட்கிழமை தபாலில் ஹால் டிக்கெட் வந்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அங்கே போட்டோவை ஒட்டித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். வசந்தாமணி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நெல் மூட்டைக்கு அடியில்கூடத் தேடினாள்.

"ஒரு படத்தைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்லை, நீ டாக்டருக்குப் படிச்சுக் கிழிச்சே!" என்று திட்டிக்கொண்டே பழனியம்மாளும் கூடத் தேடினாள்.

"இந்தப் புஸ்தகத்துலதானுங்கம்மா வெச்சேன். சத்தியமா வெச்சேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "அப்பா, நீங்க பார்த்தீங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கைலாசம் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டான்.

"நா எங்க சாமி பார்த்தேன்? அது கெடக்குது உடு. இப்பவே நாமக்கல் போயி புதுசா ஒண்ணு எடுத்துக்கிட்டு வா."

போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி, போட்டோ ஸ்டுடியோவுக்குப் போக ரோட்டைத் தாண்டியபோது லாரி அடித்துவிட்டது. ஸ்டுடியோ படியை அவள் மிதிக்கவே இல்லை.

உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு உறையைப் பையில் வைத்தான். வீட்டைப் பார்த்து நடந்தான். வழியில் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன மனசு இது என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. வசந்தாமணியைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவி விளக்கு வைத்திருந்தார்கள். பழனியம்மாள் அதன் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தாள். பங்காளி வீட்டிலிருந்து வந்த சோறு அவளுக்கு முன்னால் ஆறிக் கிடந்தது. அவள் தம்பி மயில்சாமி எதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு படம் இருந்தாக் குடுக்கா. சேலம் கொண்டு போயிப் பெருசு பண்ணிக்கிட்டு வாரேன்."

"இருந்தாக் குடுக்க மாட்டனாடா? எம்புள்ளைக்கு ஒரு படம் இல்லையே! பொறந்ததுலருந்து எடுத்ததே அந்த மூணுதான். ரெண்டு மெட்ராசுக்குப் போயிருச்சு, ஒண்ணு காணோம். இன்னும் நாலு வருசம் போனா அந்த மூஞ்சியே எனக்கு மறந்து போயிருமேடா!" மார்பில் அடித்துக்கொண்டாள். "தொலைச்சுப்போட்டயேன்னு திட்டுனனே! அதுதான் எம்புள்ளைகிட்ட நாங் கடைசியாப் பேசுனது!"

மயில்சாமி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சின்னண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் அந்த உறை கிடந்தது. கொடுத்தால் அவளுக்குப் பிள்ளையின் முகம் கிடைக்கும். கொடுத்த கையோடு, பிள்ளையைக் கொன்றது யார் என்றும் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால், தான் திட்டித்தான் பிள்ளை போனாள் என்று சாகிற வரைக்கும் மார்பில் அடித்துக்கொள்வாள்.

"மயிலு, செத்த நேரம் வெளிய இரு."

மைத்துனன் எழுந்து போனதும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தான். உறையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

பழனியம்மாள் உறைக்குள் விரலை விட்டுப் படத்தை எடுத்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்க இருந்துச்சுங்க?"

அவன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். அவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஊதா மையில் நாலைந்து வரி எழுதியிருந்தது. பழனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னமோ எழுதியிருக்குதுங்களே. என்னங்க அது?"

போட்டோக்காரன் விலாசம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். இருபது வருசமாக அவன் சொன்னதை எல்லாம் நம்பியவள்தான். சின்னண்ணன் படத்தை வாங்கி விளக்குப் பக்கம் சாய்த்தான்.

"வசந்தாமணி. தகப்பனார் சின்னண்ணன். வயது பதினேழு." படத்தை இன்னும் விளக்குக்கு அருகே கொண்டு போனான். "உத்திர நட்சத்திரம். மாநிறம். பிளஸ் டூ."

"இது கைலாசத்தண்ணன் எழுதறதாட்ட இருக்குதுங்களே."

"ஆமா."

"அவ்வளவுதானுங்களா?"

இன்னும் ஒரு வரி இருந்தது. அன்றைக்குக் கைலாசம் பேனாவும் கையுமாக, 'வேறென்ன போடட்டும்?' என்று கேட்டபோது இவன்தான் சொன்னான்.

"மேற்கொண்டு படிக்க வைக்கும் உத்தேசம் இல்லை," என்று படித்து முடித்தான்.

வெளியே யாரோ புதிதாகத் துக்கம் கேட்க வந்தார்கள். மயில்சாமி அவர்களோடு பேசுகிற குரல் கேட்டது. பழனியம்மாள் அவனைத் திட்டவில்லை. அடித்தால்கூடத் தேவலை என்று காத்திருந்தான். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, அலமாரியிலிருந்து விலங்கியல் புத்தகத்தை எடுத்தாள். அதற்குள் ஹால் டிக்கெட் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அதைத் தரையில் விரித்தாள். தட்டிலிருந்து நாலு பருக்கைச் சோற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மசித்தாள். படத்தைக் கவிழ்த்து, ஊதா எழுத்தின் மேல் முழுக்கத் தடவினாள். திருப்பிக் காலிக் கட்டத்தின் மேல் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினாள்.

"மயிலு இதை அப்படியே கொண்டு போயிப் பெருசு பண்ணட்டும். ஞாயித்துக்கெழமை கழிஞ்சு போகட்டும். அவ பரிச்சை முடியட்டும்."

ஒரு மூலை மட்டும் ஒட்டாமல் எழும்பி எழும்பி வந்தது. பழனியம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமலே அதைக் காட்டினாள்.

"அந்த ஓரத்தை அமுத்திப் புடிங்க."

சின்னண்ணன் விரலை வைத்தான்.

"காயற வரைக்கும் எடுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.