வால் உள்ள ஒய்

எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் இந்த உலகம் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, அப்பப்பா! "எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்பார் ஒருவர். "இப்பல்லாம் ரொம்ப மாறிப் போச்சேம்மா" என்று உச்சுக் கொட்டுவார் இன்னொருவர். என்னவோ அவள் எட்டு வருஷமும் தூங்கி எழுந்து வந்தது போல! பிள்ளை வளர்த்தவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது யோசிக்க வேண்டாமா?

அப்படித் திரும்பியவளுக்கு அலுவலகத்தில் ரீஸ்டார்ட் அக்கா என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேஜைப் பையன். எந்நேரமும் காதை அடைத்துக்கொண்டிருப்பதால் அவனுக்கு ஹெட்போன் தம்பி என்று அவள் பதிலுக்குப் பெயர் வைத்தாள். கணக்கு நேராகிவிட்டது.

அவள் தொழில் ஜாவா. குடிக்கிற காபி இல்லை. கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவதற்கான மொழி. அவள் வேலையை விட்டபோது அந்த மொழியின் எட்டாவது பதிப்பு புத்தம் புதுசு. திரும்பி வந்து பார்த்தால் இருபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பாம்! பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இப்போது ஒரே வரியில் முடிகிறது. முதலில் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு, "இந்த ஒரு வரியை அப்பவே குடுத்திருந்தா நான் எத்தனை நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று கோபம் வந்தது.

அவளைக் கை தூக்கிவிட்டது காபிக்காரர். முகம் தெரியாத மனிதர். சனிக்கிழமைதோறும் 'சூடு ஆறுமுன்' என்று ஒரு ஒலிபரப்பை இணையத்தில் போடுவார். ஜாவா உலகத்தில் அந்த வாரம் என்ன நடந்தது, எந்தப் பதிப்பில் எது புதுசு, எதைத் தொட்டால் கை சுடும் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே, பக்கத்து வீட்டு ஆள் மதிலில் சாய்ந்து பேசுகிற மாதிரி பேசுவார். கடைசியில் 'கைக்குறிப்பு' என்று உருப்படியாக ஒரு யோசனை. அடுப்பில் பால் காயும்போது அவள் கேட்பாள். துணி மடிக்கும்போது கேட்பாள். "உன் காபிக்காரர் இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று அவள் கணவன் சீண்டுவான். மகளோ அவர் குரலையே எடுத்துப் பேசுவாள்: "வணக்கம் மக்களே, சூடு ஆறுமுன் வந்துருங்க!"

கிடைத்த வேலை கண் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் ஒன்றில். ஆனால் தற்காலிகம்தான். வருஷ முடிவு வரைக்கும் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வணக்கம். கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி, அப்போதே சொல்லிவிட்டாள்: "வருஷக் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கிறாளான்னு பாப்போம்." அந்தப் 'பாப்போம்' அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்றில்லை. போனால் தன்மேல் தனக்கிருக்கிற நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும் என்றுதான் அவளுக்குப் பயம்.

அவளுக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்புவது. இரண்டு நாள் முன்னதாக, "இந்தத் தேதியில் வாருங்கள்" என்று கைபேசிக்குத் தானாகச் செய்தி போக வேண்டும். தேதியை எப்படி எழுதுவது என்று ஜாவாவிடம் ஆங்கில எழுத்துகளால் சொல்ல வேண்டும்: நாளுக்கு டி, மாதத்துக்கு எம், வருஷத்துக்கு ஒய். அதற்கும் காபிக்காரரிடம் ஒரு கைக்குறிப்பு இருந்தது. "மாசத்துக்குப் பெரிய எம் போடுங்க மக்களே, சின்ன எம் போட்டா அது நிமிஷம்! வருஷத்துக்கு நாலு ஒய், மறக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்.

அவளும் மறக்கவில்லை. மாதத்துக்கே பெரிய எழுத்து என்றால், வருஷம் மாதத்தைவிடப் பெரியதாயிற்றே! நாலு ஒய்யையும் பெரிய எழுத்தில் போட்டாள். சோதித்துப் பார்த்தாள். செப்டம்பர் சரி, அக்டோபர் சரி, எல்லாம் கச்சிதம். அவர்களுடைய மேலாளர் ஒருத்தர் உண்டு. யார் எழுதியதிலும் ஒரு கமா பிசகினால் கண்டுபிடித்துவிடுவதால் அவர் கமா சார். அவரே பார்த்துவிட்டு, "ம்" என்றார். கமா சாரிடமிருந்து ஒரு 'ம்' வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அன்று அவள் வீட்டுக்கு நடந்தா போனாள்? மிதந்து போனாள்.

டிசம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை. பையை மேஜைமேல் வைப்பதற்குள் தொலைபேசி அலறியது. மருத்துவமனை வரவேற்பிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ஹால்ல ஈ காக்கா இல்லை. டாக்டர் உக்காந்து ஜன்னலை வேடிக்கை பாக்கறாரு. இங்க ஒரு பெரியவர் லைன்ல இருக்காரு, நீங்களே பேசிக்கோங்க!"

பெரியவரின் குரல் கணீரென்று வந்தது. "ஏம்மா, நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் டிசம்பர் முப்பதாம் தேதி வாங்கன்னு நேத்து மெசேஜ் வருது. மருமக படிச்சுச் சொன்னா. விளையாடறான்னு நெனச்சு அவளை வேற திட்டிட்டேன். அவ்வளவு நாள் கழிச்சுன்னா எனக்குக் கண்ணே தேவைப்படாதும்மா!"

"இல்லைங்கய்யா, நாளைக்குத்தான். நாளைக்கேதான். நீங்க வாங்க" என்று சொல்லி வைத்தாள்.

ஹெட்போன் தம்பி முதல்முறையாகக் காதிலிருந்து அதைக் கழற்றினான். "அக்கா, பதறாதீங்க. கமா சார் மதியம்தான் வருவாரு. அதுக்குள்ள சத்தம் போடாம மாத்திடலாம். கேட்டா, சர்வர் மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிக்கலாம். சர்வர் என்ன வந்து சாட்சி சொல்லவா போகுது?"

"மொதல்ல என்ன தப்புன்னு கண்டுபிடிப்போம்பா. பொய் எதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

உட்கார்ந்தாள். பதற்றத்தில் கண்டதையும் நோண்டாமல் தேதிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். போன சனிக்கிழமை வரைக்கும் வருஷம் சரி. ஞாயிறிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் தப்பு. ஜனவரி ஒன்றிலிருந்து பழையபடி சரி. வருஷம் பிறப்பதற்கு முந்திய அந்தச் சில நாள் மட்டும் ஜாவாவுக்கு என்ன அவசரம்? மூன்று மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, இந்த ஒரு வாரம் மட்டும்... வாரம்! அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜாவாவின் விளக்கக் குறிப்பைத் திறந்தாள். அங்கே பச்சையாக எழுதியிருந்தது. சின்ன ஒய் என்றால் நாள்காட்டி வருஷம். பெரிய ஒய் என்றால் அந்த வாரம் எந்த வருஷத்தைச் சேர்ந்ததோ அந்த வருஷம். புது வருஷம் வியாழக்கிழமை பிறக்கிறதா, அந்த வாரம் முழுவதையும் அது புது வருஷத்தின் கணக்கிலேயே தள்ளிவிடும். வருஷம் பூராவும் இரண்டும் ஒன்றே போல நல்ல பிள்ளையாக இருக்கும். கடைசி வாரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

காபிக்காரரின் பழைய ஒலிபரப்பைத் தேடிப் போட்டுக் கேட்டாள். "வருஷத்துக்கு நாலு ஒய், மறக்காதீங்க." அவ்வளவுதான். பெரியது என்றும் சொல்லவில்லை, சின்னது என்றும் சொல்லவில்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. அ, ஆ என்று குறிலும் நெடிலும் நமக்கு உண்டு. பெரிய அ, சின்ன அ என்று உண்டா? வாயால் சொல்லும்போது எழுத்துக்கு உயரம் ஏது?

நாலு எழுத்தை மாற்ற எவ்வளவு நேரமாகும்! மாற்றினாள், சோதித்தாள், ஏற்றினாள். அதன்பிறகு தப்பான செய்தி போன ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். திட்டினவர்கள் திட்டினார்கள். ஒரு அம்மாள் மட்டும், "அதான் எனக்கும் சந்தேகமா இருந்தது, எங்க வீட்டுக் கடிகாரமும் இப்படித்தான் முந்தி ஓடும்" என்று ஆறுதல் சொன்னாள்.

மதியம் கமா சார் வந்து உட்கார்ந்ததும் அவர் அறைக் கதவைத் தட்டினாள். ஹெட்போன் தம்பி கண்ணாலேயே 'சர்வர், சர்வர்' என்று ஜாடை காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், மெசேஜ்ல வருஷம் தப்பாப் போயிடுச்சு. நான்தான் சின்ன ஒய் போட வேண்டிய எடத்துல பெரிய ஒய் போட்டேன். மாத்திட்டேன். எல்லாருக்கும் போன் பண்ணியாச்சு."

கமா சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெரியவருக்கு?"

"நாளைக்கு வராரு சார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். 'ம்' கூட இல்லை. இந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை" என்று கணவனிடம் புலம்பினாள். "வேணும்னா நான் திட்டட்டுமா?" என்றான் அவன். தலையணை பறந்தது.

புதன்கிழமை, வருஷத்தின் கடைசி நாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பத் தயாராகும்போது மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் பணி நிரந்தரமாக்கப்படுகிறது' என்று ஆரம்பித்தது. அவள் இதயம் துள்ளிக் குதித்தது. அடுத்த வரியைப் படித்தாள். எந்தத் தேதியிலிருந்து? டிசம்பர் முப்பத்தொன்று, அடுத்த வருஷம்.

அடுத்த வருஷம். அப்படியென்றால் இன்னும் ஒரு வருஷம் தொங்கலில். தப்பை ஒத்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு! அழக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது. அண்ணியின் 'பாப்போம்' காதில் ஒலித்தது. "என்னக்கா?" என்று எட்டிப் பார்த்த தம்பியிடம் திரையைக் காட்டினாள். "அநியாயம்க்கா இது! பேசாம சர்வர்னு சொல்லியிருக்கலாம்" என்று அவன் பொருமினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். மேலே மூலையில் கடிதத்தின் நாள் இருந்தது. அதுவும் டிசம்பர் முப்பத்தொன்று, அடுத்த வருஷம்.

"தம்பி, இந்த மெயில் இன்னிக்கு வந்ததுதானே?"

"இப்பத்தானேக்கா வந்துச்சு."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் கழிச்சு எழுதப் போற கடிதம் எப்படிப்பா எனக்கு இன்னிக்கே வரும்?"

தம்பி திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அய்யோ அக்கா! பெரிய ஒய்!" என்று போட்ட கூச்சலில் மொத்த அலுவலகமும் திரும்பியது.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கமா சார் அறைக்குள் போனாள். "சார், ஒண்ணு கேக்கணும். இது தண்டனையா, இல்ல பெரிய ஒய்யா?"

கமா சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் ஒரு தினுசாக மாறியது. பணிக்கடிதம் அனுப்பும் நிரலைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டுவதற்கு இந்தத் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயரே பழி என்று பொருள்படும். அதைத் தட்டினார். நாலு பெரிய ஒய் நிமிர்ந்து நிற்க, பக்கத்தில் அதை எழுதிய ஆளின் பெயர் வந்தது. பல வருஷத்துக்கு முந்தையது. கமா சாரின் பெயர்.

"வருஷக் கடைசி வாரத்துல இதுவரைக்கும் யாருக்கும் வேலை நிரந்தரமானதே இல்லை போல" என்றார் மெதுவாக. "அதான் இத்தனை நாள் தப்பிச்சிருக்கேன்." பிறகு, அந்த அலுவலகத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் ஒன்று கேட்டது. கமா சார் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப சார், எனக்கு..."

"இன்னிலேருந்து நிரந்தரம்மா. திங்கட்கிழமையே நான் ஒப்புதல் குடுத்துட்டேன்."

"திங்கட்கிழமையா? அன்னிக்குத்தானே சார் நான் வந்து..."

"ஆமா. நீங்க வந்து சொல்லிட்டு வெளியில போனீங்கல்ல, அப்பத்தான்."

கமா சாரே கணினியை அவள் பக்கம் திருப்பினார். "உக்காருங்க. நீங்களே திருத்துங்க. நான் தொட்டா மறுபடி எதையாவது பெருசாக்கிடுவேன்."

நிரந்தரமாக அவள் செய்த முதல் வேலை, தான் நிரந்தரமான தேதியைத் திருத்தியதுதான்.

நடந்ததை அன்றைக்கே காபிக்காரருக்கு எழுதிப் போட்டாள். "அய்யய்யோ, சின்ன ஒய்யை மனசுல வெச்சுக்கிட்டு வெறும் ஒய்னு சொல்லித் தொலைச்சிருக்கேனே!" என்று பதில் வந்தது. "இந்த வாரக் கைக்குறிப்பை நீங்களே உங்க குரல்ல சொல்லுங்கம்மா. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

சனிக்கிழமை காலை வீட்டில் எல்லோரும் அடுப்படியில் நின்றபடி கேட்டார்கள். "வணக்கம் மக்களே" என்று அவள் குரலே வந்தது. "வருஷத்துக்கு நாலு சின்ன ஒய். காதுல கேக்கறவங்களுக்காக இன்னும் தெளிவாச் சொல்றேன்: கோட்டுக்குக் கீழ வால் தொங்குதே, அந்த ஒய். வால் இல்லாத ஒய்யை நம்பினா அது உங்களை அடுத்த வருஷத்துல கொண்டுபோய் விட்டுடும்." மகள் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். கணவன், "காபிக்காரம்மா!" என்று குனிந்து கும்பிடு போட்டான்.

ஒலிபரப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் அண்ணியின் போன்.

"கேட்டேன்டி. வாலு, கோடுன்னு என்னவோ சொன்ன, எனக்கு ஒரு எழவும் புரியலை" என்றாள் அண்ணி. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஆனா ரெண்டு தரம் போட்டுக் கேட்டேன்."