ஊசி போட்ட மறுநாள்

என் தம்பிக்கு நெஞ்சு வலித்த அன்று ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன் கண்ணுகளா. நடுவில் எங்கேயாவது நான் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிளம்பர். முப்பது வருடத் தொழில். சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவான். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் நான் வளர்த்த பிள்ளை. ஊரையே வாயால் அளப்பான், என்னிடம் மட்டும் மறுபேச்சு கிடையாது.

அது ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரு மாடி வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அப்படியே சாய்ந்துவிட்டான். அந்த வீட்டுக்காரர் தன் காரிலேயே பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நானும் அவன் மனைவியும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துவிட்டது, பதினோரு மணிக்கே அதைக் கரைக்கிற ஊசி போட்டாயிற்று என்றார்கள்.

பன்னிரண்டரைக்கு வலி நின்றது. முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம், இந்த வார்டில் கை கழுவுகிற குழாய்க்கு எந்தப் புண்ணியவான் வாஷர் போட்டான் என்று வம்பளக்க ஆரம்பித்துவிட்டான். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் வந்து கட்டிலோரம் நின்று விவரமாகச் சொன்னார். ஊசி கட்டியைத்தான் கரைக்கும். குழாயின் உள்சுவரில் படிந்திருக்கிற கொழுப்புத் திட்டு அங்கேயே இருக்கும், அதன் மேல் மறுபடி கட்டி பிடிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பி விட்டு, பலூனால் விரித்து, அந்த இடம் மறுபடி மூடாமல் தாங்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு அதைச் செய்தால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்பதால் சில மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆனால் ஒரு நாளைத் தாண்ட விடக் கூடாது. ஒன்றரை மணி நேரப் பயணம்தான், நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கிறேன் என்றார்.

இத்தனையில் தம்பி பாதியைத்தான் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா அக்கா, உடனே கம்பி விடக் கூடாதுன்னு அவரே சொல்றாரு. அடைப்புக்கு ஆசிட் ஊத்தின குழாயில நானும் ரெண்டு நாளைக்குக் கம்பி விட மாட்டேன். மூட்டெல்லாம் இளகிக் கிடக்கும். தொட்டா விட்டுடும்."

அது அவன் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ஆசிட் ஊற்றிய அன்றே கம்பியை விட்டுக் குத்தி, மூட்டு உடைந்து, கழிவுத் தண்ணீர் சுவர் முழுக்க ஊறிவிட்டது. அன்றிலிருந்து ரெண்டு நாள் கணக்கு அவனுக்கு வேதவாக்கு. திங்கட்கிழமை போகலாம் என்றான்.

அவன் மனைவி அதற்குள் பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். டாக்டர் படித்தவர், அவர் சொல்கிறபடி கேட்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நானும் குழாய்க்குத்தான் படிச்சிருக்கேன், உன் பையை எடுத்துக்கிட்டு நீ வேணா போய்ப் படுத்துட்டு வா என்று அவளைக் கேலி செய்தான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு அக்கா. நீ என்ன சொல்றியோ அதான்."

நான் சொன்னேன்: "அவன் சொல்றதும் சரியாத்தான் படுது. திங்கக்கிழமையே போவோம்."

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நர்ஸ் பின்னாலேயே வந்து, வலி போனதால் வியாதி போனது என்று நம்பாதீர்கள் அம்மா என்றாள். தலையாட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் பயம். கை வழியாக நெஞ்சுக்குள் கம்பி போகும் என்றதுமே இன்று வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பயந்தவளுக்கு ஒரு நியாயம் கையில் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் மறுபடி வந்தார். இப்போது கிளம்பினால்கூடச் சரியாக இருக்கும் என்றார். தம்பி நாளைக்கு என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கெனவே மடித்திருந்த போர்வையை எடுத்து மறுபடி மடித்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் கையிலிருந்து கரண்டி நழுவியது. மறுபடி அதே வலி, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. நேற்று வேண்டாம் என்ற அதே ஆம்புலன்ஸ், அதே சாலை. ஒன்றரை மணி நேரமும் அவன் மனைவி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலமே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத் தசையில் பெரும் பங்கு செத்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

நேற்றே வந்திருந்தால் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார் அவர். "ஆனா நேத்து வந்திருக்கணும்."

ஆறு வருடமாகிறது. நாலு படி ஏறினால் ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுகிறான். பழைய வாடிக்கைக்காரர்கள் போனில் கேட்டால் எந்த வால்வை மூட வேண்டும் என்று படுத்தபடியே சொல்கிறான், அதுவும் மூச்சு இருக்கிற வரைக்கும்தான். அவன் மனைவி இத்தனை வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. வாங்க அண்ணி என்று நாற்காலி எடுத்துப் போடுகிறாள். அவள் திட்டினால் தேவலை என்றிருக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பொத்தானில் பாதி போடுவதற்குள்ளேயே அவனுக்கு இரைத்தது.

"அன்னிக்கு நீ ஒரு அதட்டு போடுவேன்னு நெனச்சேன் அக்கா," என்றான்.

"என்னிக்குடா?"

"அந்தச் சனிக்கிழமை. நெஞ்சுக்குள்ள கம்பி விடுவாங்கன்னதும் எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. அவ முன்னாடி காட்டிக்க முடியல. அதான் ஆசிட்டு, மூட்டுன்னு அளந்தேன். வாய மூடிக்கிட்டு வண்டில ஏறுடான்னு நீ சொல்லுவ, நானும் முணுமுணுத்துக்கிட்டே ஏறிடலாம்னு இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வது மாதிரிதான் சொன்னான். வாசற்படியில் மாத்திரையோடு நின்ற அவன் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் விட்ட இரண்டு பொத்தானை நான் போட்டுவிட்டேன். ஒன்று மாறிப்போய்விட்டது. திரும்பக் கழற்றிப் போட்டேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, நாளைக்கு டாக்டரைப் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டான். என்னைத்தான் கேட்டான். டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார்.

"ஏழு மணிக்கே கெளம்பணும்," என்றேன். "ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சரி அக்கா," என்றான்.