மீதி நேரம்

...நாற்காலியை யார் கொண்டுவந்திருப்பார்கள், பள்ளிக்கூடத்து மடக்கு நாற்காலியாகத்தான் இருக்கும், உட்கார்ந்தால் தொடையைக் கடிக்குமே அது, இல்லை, யாராவது தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து நல்லதாக ஒன்றைத் தூக்கி வந்தார்களா, என்னதான் கோபம் என்றாலும் விருந்தாளிக்கு நல்ல நாற்காலி போடுகிற ஊர் இது, விருந்தாளி வராவிட்டாலும்... இப்போது அதுவா முக்கியம், மார்லிஸ் டோஸ்ட்ரூட், வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், விஸ்கான்சினின் வடக்குப் பக்கத்து ஜனங்கள் மூன்று முறை ஓட்டுப்போட்டு அனுப்பியவள், பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டி ஓரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, உள்ளே உன்னைத் திட்டுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், நாற்காலியைப் பற்றி உனக்கென்ன கவலை. ஆகஸ்டில் சபைக்கு விடுமுறை, உறுப்பினர்கள் தொகுதிக்கு வந்து ஜனங்களைச் சந்திக்க வேண்டும், டிமிக்கி கொடுத்தால் ஜனங்கள் கூட்டத்தை நிறுத்துவதில்லை, மேடையில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, உறுப்பினர் பெயரை எழுதி ஒட்டி, அதனிடமே பேசிவிடுவார்கள், வேறு ஊர்களில் வேறு ஆட்களுக்கு நடந்ததை டிவியில் பார்த்து அவளே சிரித்திருக்கிறாள், நமக்கெல்லாம் இது நடக்காது என்று. "மார்லிஸ் வருவாள்", இதுதானே முதல் தேர்தலில் வீட்டு வாசல் புல்வெளிகளில் எல்லாம் நட்டு வைத்த பலகையில் இருந்த வாசகம், ஊர் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள், பனிப்புயலில் சாலை மூடியபோது பக்கத்துப் பண்ணைக்காரனின் டிராக்டரில் ஏறி வேலைக்கு வந்தவள், ஆகவே மார்லிஸ் வருவாள்... வந்துவிட்டாளே, குப்பைத் தொட்டி வரைக்கும் வந்துவிட்டாள்.

கூடைப்பந்து அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள், உள்ளே வெந்து போயிருப்பார்கள், பாவம், சனிக்கிழமை மத்தியானம், வைக்கோல் கட்டுகிற பருவம், எல்லா வேலையையும் போட்டுவிட்டு அவளிடம், இல்லை, நாற்காலியிடம் பேச வந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் நூலகத்து டெலோரஸின் குரல், "ஆளுக்கு ரெண்டு நிமிஷம், ஸ்கோர் போர்டுல நேரம் ஓடும், சங்கு ஊதினா உக்காந்துடணும், யாரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, பின்னாடி காபியும் எலுமிச்சை கேக்கும் இருக்கு, நிறையவே இருக்கு, எடுத்துக்கோங்க." பிறகு, "நாற்காலில ஆரஞ்சுக் காகிதத்த யாருப்பா ஒட்டினது?" சிரிப்பு, நிறையச் சிரிப்பு, காரின் கண்ணாடி வரைக்கும் வந்து மோதிய சிரிப்பு. ஆரஞ்சு. தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இங்கே நிலத்துக்கும் மாட்டுக்கும் நடுவே இருக்கிறவர்களுக்குச் சபையின் சட்டதிட்டம் எல்லாம் எங்கே புரியப் போகிறது என்று அவளுடைய உதவியாளன் ட்ரெண்ட் சொன்னான், முட்டாள், இல்லை, அவன் முட்டாள் இல்லை, அதை நம்பியவள் யார்.

சபையில் ஓட்டுக்கு மூன்று நிறம். பச்சை, ஆம். சிவப்பு, இல்லை. மூன்றாவது ஆரஞ்சு, அதற்கு அர்த்தம் "உள்ளேன்", பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வார்களே அதுதான், வந்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஆம் என்றும் சொல்ல மாட்டேன் இல்லை என்றும் சொல்ல மாட்டேன், மதில் மேல் பூனைக்கென்றே அரசாங்கச் செலவில் ஒரு பொத்தான். அவள் முதலில் சிவப்பைத்தான் அழுத்தினாள், அழுத்தினாளே, சுவரில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிந்ததே, அதை யாராவது பார்த்தார்களா... ஏழைகளுக்கான மருத்துவ உதவியை வெட்டுகிற மசோதா, வெட்டினால் முதலில் மூச்சு நிற்கப் போவது இந்த ஊர் மருத்துவமனை மாதிரிச் சின்ன இடங்களில்தான் என்று அவளுக்குத் தெரியும், கட்சிக் கொறடா ஹாலிஸுக்கும் தெரியும், அதனால்தான் காலையிலேயே, "உன்னை விட்டுட்டோம் மார்லிஸ், எங்ககிட்ட ஓட்டு இருக்கு, நீ உன் ஊருக்கு ஏத்த மாதிரி போட்டுக்க" என்றான். விட்டுவிடுவது என்றால் அங்கே பெரிய சலுகை, தாராளமாக எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கொள், உன் ஓட்டு எங்களுக்குத் தேவையில்லை என்று அர்த்தம், அவளும் நன்றி சொன்னாள், தன் ஓட்டைத் தானே போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்ததற்கு நன்றி, தூ. கடைசி நேரத்தில் எவனோ ஒருவன் பிசகிவிட்டான், எண்ணிக்கை இடித்தது, ஹாலிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், மிரட்டவே இல்லை, தோளில் கை வைத்தான், "நான் ஆமுன்னு போடச் சொல்லலையே, உள்ளேன்னு மட்டும் மாத்திடு, அது ஓட்டே கிடையாது, ஊர்ல கேட்டா நான் ஆதரிக்கலன்னு தைரியமா சொல்லு, பொய் இல்லையே?" பொய் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறதா. போட்ட ஓட்டைக் கடைசி நிமிடங்களில் மாற்றப் பொத்தான் உதவாது, எல்லோரும் பார்க்க எழுந்து சபையின் முன்பக்கம் நடந்து, ஆரஞ்சு அட்டை ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டு எழுத்தரிடம் நீட்ட வேண்டும், நடந்தாள், கையெழுத்துப் போட்டாள், ஒரே ஓட்டில் ஜெயித்தது மசோதா. அவள் சிவப்பிலேயே இருந்திருந்தால் சமம், சமம் என்றால் தோல்வி. ஓட்டே இல்லாத ஓட்டுத்தான் ஜெயிக்க வைத்தது, இதைவிடக் கேவலம் உண்டா, விவசாயக் குழுவில் இடம் தருகிறேன் என்றும் ஹாலிஸ் சொல்லியிருந்தான், பால் விலைக்கு ஏதாவது செய்யலாமே என்று நினைத்தாள், நினைத்தாளா, அல்லது அந்த நேரத்தில் அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள், தன்னிடம் ஒருவன் கெஞ்சுகிறான் என்பது ருசித்ததா, சொல்லு மார்லிஸ், இங்கே குப்பைத் தொட்டியைத் தவிர யாரும் இல்லை, சொல்லு.

ருசித்தது.

போன வாரம் மருத்துவமனையில் அறிவித்துவிட்டார்கள், பனி விழுவதற்குள் டயாலிசிஸ் பிரிவை மூடுகிறார்களாம். அவள் செவிலியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு தேவாலயமாக ஏறி இறங்கி, மீன் வறுவல் விருந்து வைத்து, ஊர் சேர்ந்து வாங்கிய இயந்திரங்கள், தம்பி லைல் வாரத்துக்கு மூன்று தடவை கையை நீட்டிக்கொண்டு கிடக்கிற இயந்திரங்கள், அடுத்தது மினசோட்டா எல்லையைத் தாண்டித்தான், பனிக்காலத்தில் அந்தச் சாலையில் போனவன் திரும்புவது கடவுள் விட்ட வழி, போய்விட்டு வருவதற்குள் மாட்டை யார் கறப்பது. போக மாட்டான். அவனைத் தெரியும் அவளுக்கு, ஒரு தடவை போவான், இரண்டு தடவை போவான், பிறகு வைக்கோல், மாடு, வண்டி ரிப்பேர் என்று ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிடுவான், அப்புறம் சில நாட்கள், அவ்வளவுதான், ரத்தத்தில் என்னென்ன ஏறும், எந்த வரிசையில் ஏறும் என்று அவளுக்கு மனப்பாடம். அறிவிப்பு வந்த அன்று அவள்தான் கூப்பிட்டாள், அவன் வைக்கோல் நனைந்ததைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், கடைசியில், "பரவால்லக்கா, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றான், அந்தப் பரவாயில்லையை எங்கே கொண்டுபோய் வைப்பது, திட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்.

போன் அதிர்ந்தது, ட்ரெண்ட், "அங்க போகலதானே? வேற நிகழ்ச்சி இருக்குன்னு சொல்லிட்டேன், தயவுசெஞ்சு போயிடாதீங்க, யாராவது வீடியோ எடுத்தா முடிஞ்சுது", போகவில்லை என்றாள், அதுவும் பொய் இல்லை, நிமிர்ந்தால் கதவருகே கோர்டி, தீவன ஆலை லாரி ஓட்டுகிற கோர்டி ப்ளாட்ஸ், சிகரெட்டுக்காக வெளியே வந்தவன், குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டான். "யாரு, மார்லிஸா?" ஆமாம் என்றாள், வேறென்ன சொல்வது. "உள்ள வரலையா?" "வரலாமான்னுதான்..." "அவசரம் ஒண்ணும் இல்ல. உன் நாற்காலி நல்லாத்தான் வேலை பாக்குது. ஆறு வருஷத்துல நீ கேட்டதவிட அது பொறுமையா கேக்குது. அடுத்த தடவை அதுக்கே ஓட்டப் போட்டுடலாமான்னு பேச்சு." அவள் சிரித்தாள், வெட்கங்கெட்டுச் சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான், புகையை அந்தப் பக்கம் திருப்பி ஊதினான், மரியாதை தெரிந்தவன். "லைல் வரிசைல நிக்கறான், தெரியுமா?" "லைலா? பேசவா?" "கேக்குக்கு நிக்கறான்னு நெனச்சேன், பார்த்தா மைக் வரிசை. கல்யாணத்தன்னிக்கே பாதிரியாருக்குத் தலைய மட்டும் ஆட்டினவன்." அவள் குரலைத் தாழ்த்தினாள், "கோர்டி, நான் இங்க இருக்கேன்னு உள்ள சொல்லிடாத." அவன் சிகரெட்டைச் செருப்பில் அணைத்து, மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? நீ இங்க இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

போய்விட்டான், சொல்வானா, சொல்ல மாட்டான், சொல்வான்... இப்போதே வண்டியைக் கிளப்பிவிடலாம், சாவி இருக்கிறது, சாலை இருக்கிறது, அல்லது இறங்கி நடந்து உள்ளே போய், எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு உட்கார்ந்து, உட்கார்ந்து என்ன சொல்வாள், மசோதாவில் நல்ல அம்சங்களும் உண்டு என்றா, நான் ஆதரித்து ஓட்டுப் போடவில்லை என்றா, இருபது வருஷம் நோயாளிகளிடம் கொஞ்சம் வலிக்கும் என்று உண்மையைச் சொல்லிவிட்டு ஊசி போட்டவள்தான், இந்த ஆறு வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எங்கே தொலைத்தாள். உள்ளே சங்கு ஊதியது, அந்தக் கரகரத்த ஓசை, ஆட்டம் முடிந்தால் ஊதுவது, யாரோ உட்கார்ந்தார்கள், டெலோரஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள், லைல் டோஸ்ட்ரூட், கைதட்டல் இல்லை, இருமல் இல்லை, மைக்கில் ஒரு மூச்சு.

"வணக்கம்க்கா. வந்ததுக்கு நன்றி." நாற்காலியிடம்தான். "எளைச்சுப் போயிட்டியே." அரங்கமே வெடித்துச் சிரித்தது, அவன் கிண்டலுக்குச் சொன்னானா, அவனுக்குக் கிண்டல் வருமா, அவளுக்கே தெரியவில்லை, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அந்த ரூம்ல படுத்திருக்கும்போது உங்க சபையத்தான் டிவில போடச் சொல்லுவேன். மத்தவங்க திட்டுவாங்க. அன்னிக்கும் பாத்துட்டுதான் இருந்தேன். நீ எழுந்து முன்னால நடந்து போறதக் காட்டினாங்க, கைல ஏதோ ஆரஞ்சு அட்டை. நான் நர்ஸக் கூப்பிட்டுச் சொன்னேன், பாருங்க, எங்க அக்கா பேசப் போறான்னு." நிறுத்தினான். "பேசப் போறன்னுதான் நெனச்சேன்." அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாருக்குக் கேட்கப் போகிறது, ஆனாலும் பொத்திக்கொண்டாள். "அவ்வளவுதான். திட்டறதுக்கெல்லாம் வரல. இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கு போலருக்கு. அங்க நீங்க சொல்லிக்குவீங்களே, என் மீதி நேரத்த இன்னாருக்கு விட்டுத் தர்றேன்னு. என் மீதி நேரத்த விஸ்கான்சின் அம்மணிக்கு விட்டுத் தர்றேன்."

மைக்கை வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, டெலோரஸ் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை, அத்தனை பேரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், ஸ்கோர் போர்டில் அவளுடைய நேரம் ஓடுகிறது, கோர்டி சொல்லிவிட்டானா, லைலுக்குத் தெரியுமா, தெரிந்துதான் கொடுத்தானா, இல்லை நாற்காலிக்குத்தான் கொடுத்தானா, ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ அதட்டினார்கள், அவள் பேசும்போதுகூட இந்த ஊர் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. கார்க் கதவின் பிடியில் கை போய்விட்டது, இழுத்தால் திறக்கும், திறந்தால் பத்தடியில் அந்தக் கதவு, உள்ளே போய் ஒரு வார்த்தை, தப்பு பண்ணிட்டேன் லைல், அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம், மூன்று வார்த்தை, போ மார்லிஸ், இது உன் நேரம், அவன் கொடுத்தது, அவனிடம் அதிகம் இல்லாததிலிருந்து எடுத்துக் கொடுத்தது... கை பிடியிலேயே இருந்தது, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், எதற்காக அடக்குகிறாள் என்று அப்போதுதான் பட்டது, காது கூர்ந்திருந்தது லைலுக்காக அல்ல, குழந்தைக்காக அல்ல, சங்குக்காக, அது ஊதிவிட்டால் நேரம் முடிந்துவிடும், அன்றைக்குச் சபையில் அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றபோதும் இதே மாதிரித்தான், எப்போது முடியும், எப்போது முடியும் என்று... இன்னும் ஊதவில்லை.