அப்பா சாகிற அத்தியாயம்

…அப்போதே எடுத்திருக்கலாம், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று பதிப்பாளர் சொன்னபோதே அந்த அத்தியாயத்தை மட்டும் உருவியிருக்கலாம், உருவினால் நாவல் குடை சாய்ந்திருக்கும், சாயட்டுமே, இப்படிச் சமையலறையில் நின்று கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருக்காது… சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அவளுடைய முதல் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார், சத்தமாக. மனசுக்குள் படிக்க அவருக்கு வராது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் பழக்கம் அது, மூட்டையின்மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை ஒருவர் உரக்கப் படித்தால்தான் அடுத்தவர் முதுகைக் கொடுப்பார். காலையில் பார்சல் வந்ததும் நாவலையும் அப்படித்தான் வாங்கினார். கயிற்றை அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒரு பிரதியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, “கால் கிலோ வருமா?” என்றார். அப்புறம் விலை, அச்சக முகவரி, தொலைபேசி எண், ஒன்று விடவில்லை. இதில் வரும் மனிதர்கள் அனைவரும் கற்பனையே என்ற வரிக்கு வந்ததும் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. “அப்ப நான் இல்லியா இதுல?” இல்லப்பா என்றாள். வாய் கூசாமல்.

முதல் பக்கத்திலிருந்தே அவர்தானே… தோளில் காய்ப்பு ஏறின மனிதர், சட்டையை எப்போதும் வலப்பக்கம் மட்டும் கிழித்துக்கொண்டு வருகிறவர், கதவைத் திறக்கும்போதே என்ன வாசனை என்று மோப்பம் பிடிக்கிறவர், வேறு யார்? இப்போது பள்ளிக்கூடக் கட்டத்துக்கு வந்துவிட்டார், குரலில் சிரிப்பு ஏறுகிறது. பெற்றோர் வர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள், வேலை உடுப்போடு வந்தவரைப் பார்த்ததும் டீச்சர், நல்லவேளை வந்தீங்க, இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்தணும் என்று சொல்லிவிட்டாள், இவரும் நகர்த்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். என் மார்க்கைக் கேட்டியாப்பா என்றால், “ஐயய்யோ, மறந்துட்டேனே! ஆனா பீரோ பூ மாதிரி நகந்துச்சு.” அன்றைக்கு அவமானத்தில் வழி நெடுக அழுதாள், எழுதும்போது சிரித்தாள், இப்போது அவர் சிரிக்கிறார், அது தான்தான் என்று தெரிந்து சிரிக்கிறாரா, யாரோ ஒரு மடையன் என்று சிரிக்கிறாரா… சிரிங்கப்பா, இன்னும் கொஞ்சம் சிரிங்க, அடுத்த அத்தியாயத்தில் மூட்டை அடுக்கு சரியப் போகிறது, நீங்கள் அடியில் நிற்கப் போகிறீர்கள்.

ஏன் கொன்றாள்? கேட்பாரே, என்ன சொல்வது? சின்ன வயதில் கிடங்குச் சங்கு ஊதின பிறகும் அவர் வரவில்லை என்றால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மூட்டை அடுக்கு மேலேயிருந்து மெதுவாக நழுவும், புழுதி கிளம்பும், செருப்பு மட்டும் வெளியே தெரியும், எல்லாம் கண்ணுக்குள், பிறகு தெருமுனையில் அவர் தலை தெரியும், வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள், இவளுக்கு என்ன வந்தது என்பார். எத்தனை சாயங்காலம் அவரை அப்படிச் சாகடித்திருப்பாள்! அதனால்தான் அந்த அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதி முடித்து அழுதாள், அழுதுவிட்டு வயிறாரச் சாப்பிட்டாள்… அந்தச் சாப்பாடுதான் இன்னும் உறுத்துகிறது. அவர் எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால்? பெற்ற பிள்ளையே நம் சாவை அச்சடித்து விலை போட்டுவிட்டாளே என்று தோன்றிவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு அடுத்த நாவலுக்கு ஒரு வரி எழுதுவாள்…

குரல் மெதுவானது. நழுவியது, என்று படித்தார். புழுதி, என்று படித்தார். நின்றுவிட்டது. நாற்காலி தரையில் உராய்ந்தது. சோப்பு நுரைக்குள் அவள் விரல்கள் அப்படியே நின்றன. வாசலில் வந்து நிற்கிறார், புத்தகத்துக்குள் ஒரு விரல். “பாப்பா.” என்னப்பா. “போய்ட்டேன் போலிருக்கே.” கற்பனைப்பா அது, முன்னாடியே போட்டிருக்கில்ல… “அதெல்லாம் சரி. பாதி தாண்டறதுக்குள்ளயா என்னைக் கொல்லுவ? பாரு, இன்னும் எவ்ளோ கெடக்கு.” மீதிப் பக்கங்களைக் கட்டைவிரலால் விசிறிக் காட்டினார். ஈரக்கையோடு அவள் பார்த்தபடி நிற்க, அவர் அவள் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார், போய் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார், தன்னுடைய எழவுக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொருவராக வாசித்து, “இவன் எங்க வரப்போறான், சுத்தச் சோம்பேறி” என்று நடுநடுவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு. அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டாள்? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, குழாயைத் திறந்துவிட்டாள்.

வெடித்தது அப்புறம்தான். “அடப்பாவி! விசில் அடிச்சுக்கிட்டே வண்டியைப் பின்னாடி எடுக்கிறானே, இவன் நம்ம விசிலு இல்ல?” விசிலு கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர், அப்பாவோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர், பெண்டாட்டி இல்லாதவர். நாவலில், அப்பா போன பிறகு அம்மாவை அவர் கட்டிக்கொள்கிறார். “இந்தா, கேட்டியா? உன்னை விசிலுக்குக் கட்டி வச்சுட்டா உன் பொண்ணு!” வெந்நீர் வாளியில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா அசரவில்லை. “நல்ல வரன்தான். உங்களை மாதிரி குறட்டை விடமாட்டாரு.” “சாகறதைக்கூடத் தாங்கிக்கலாம், இதைத் தாங்க முடியலியே! இரு, அவன் மூஞ்சியைப் பாத்துட்டு வரேன்.” மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பியேவிட்டார், படியில் இறங்கும்போதே அவர் சிரிப்பது கேட்டது.

வீடு ஓய்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாளிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அப்பாடா, தப்பித்தோம், பதிப்பாளரே மெச்சின அத்தியாயம், இனி விமர்சனம் என்று எவன் என்ன எழுதினாலும் எழுதட்டும்… அம்மாவின் கால் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன, சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் முன்னால் பகல் முழுக்க நின்ற கால்கள். அம்மா கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஏன்டி, அந்தப் பொம்பள… அவனைக் கட்டிக்கிட்ட அப்புறமும் வேலைக்குப் போறாளா?”

எந்தப் பொம்பள என்று கேட்கப் போனாள், கேட்கவில்லை. போகிறாளா? கல்யாணம் நடக்கிறது, விசில் சத்தம் வருகிறது, மகள் ஊரைவிட்டுப் போகிறாள்… அதற்கு முன்னால் மட்டும் எங்கே போனாள், அழுதாள், கதவைத் திறந்தாள், சோறு போட்டாள், விடிந்தால் அவள் எங்கே போவாள் என்று ஒரு வரி? அப்பாவின் தோள் காய்ப்புக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினவள், ஒரு வரி? “சும்மாதான் கேட்டேன். விட்டுட்டாளா, இல்ல போறாளா?” அம்மா உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள், அந்தப் பொம்பளைக்கு ஏதோ நல்லது நடந்திருக்கும், நாம்தான் சரியாகக் கேட்கவில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“இரும்மா,” என்றாள், “யோசிச்சுச் சொல்றேன்.”