கடலன்னை அழைத்தாள்

பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நீலக்கடல். அவன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போடி பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டப்போகும் நினைவஞ்சலி பேனர் அது. படத்துக்குக் கீழே, தமிழாசிரியரான அண்ணன் பிரபு எழுதிய கவிதை:

அலைக்கரத்தால் கடலன்னை அருகேவா என்றழைத்தாள்
மலைமகனும் அவள்மடியில் மனமுவந்து கண்ணயர்ந்தான்

அலை, மலை எதுகை என்றும், அலைக்கரம் உருவகம் என்றும் பிரபு கடைக்காரர் பால்சாமிக்கு வகுப்பெடுத்தார். லிங்கேஸ்வரனின் மனைவி சூர்யகலா குறுக்கிட்டாள்.

"கடலா மாமா கூப்பிட்டுச்சு?"

போன வருடம் திருச்செந்தூரில் அவன் கடலோடு போனபோது அவளும் கரையில்தான் நின்றாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவன் லிங்கேஸ்வரன். ஓடைக் குளியல்தான் தெரியும். இங்கேயே நிற்கிறேன் என்றவனை, பொட்டப்பிள்ளையாடா நீ என்று கேலி பேசி இறக்கியது பிரபு. ஓடையில் நிற்கிறமாதிரியே வருகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, பின்னால் சாய்ந்து, காலை அகட்டி ஊன்றினான். மலைத்தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும். வந்த அலையைத் தாங்கினான். திரும்பிய அலை, அவன் சாய்ந்திருந்த பக்கமே வாரிக்கொண்டு போனது.

"இதுக்குப் பேரு தற்குறிப்பேற்றம். தானா நடக்கிற ஒண்ணு மேல கவிஞன் தன் கருத்த ஏத்திச் சொல்றது. ஒனக்கு வெளங்காது," என்றார் பிரபு.

"நல்லா வெளங்குது. நீங்க செஞ்சத கடல் மேல ஏத்திட்டீங்க."

பிரபுவுக்கு முகம் கறுத்தது. கடையில் வைத்து மானத்தை வாங்குகிறாள் என்றார். ஒரு வருடமாக இவளுக்குச் சோறு போடுவது யார் என்று பால்சாமியிடம் கேட்டார். அழைத்தாள், மனமுவந்து, இரண்டையும் எடுங்கள் என்று அவள் அதிலேயே நின்றாள். எடுத்தால் சீர் கெட்டுவிடும் என்றார்.

"எங்குடியே கெட்டுக் கெடக்கு. உங்க சீருதான் பெருசாப் போச்சா?"

"பேனர் நான் போடுறது. ஒரு எழுத்து மாறாது."

அவள் பால்சாமி பக்கம் திரும்பினாள். "அண்ணே, அடியில மனைவி சூர்யகலான்னு போட்டிருக்கீகல்ல, அத எடுத்துருங்க."

பால்சாமியின் கை நின்றது. மனைவி உயிரோடிருக்க அவள் பேரில்லாமல் அவர் இதுவரை அஞ்சலி அடித்ததில்லை.

"ஊரு கேக்காதா?" என்றார் பிரபு. குரல் இறங்கியிருந்தது.

"ஒங்ககிட்டதான கேப்பாக. எதுகை, மோனையெல்லாம் வெளக்கிச் சொல்லுங்க."

பிரபு விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. கவிதை அப்படியே இருக்க, அவள் பேர் இல்லாமல் பேனர் அச்சானது.

இந்த ஊரில் அஞ்சலி பேனரில் யாரும் கவிதை படிப்பதில்லை. அடியில் யார் பேர் இருக்கிறது, யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பேனர் கட்டிய காலையில், சிலமலையிலிருந்து வந்து இறங்கிய வேலுத்தாய் அத்தை மாலையைக்கூடப் போடாமல் அடிவரியிலேயே நின்றாள்.

"ஏப்பா, இவன் பொண்டாட்டி பேரக் காணோம்?"

பிரபு கையை உயர்த்திக் கவிதையைக் காட்டினார்.

"அது கெடக்கட்டும்," என்றாள் அத்தை. "நீ அவள என்ன பண்ணுன?"