சீப்புநக வண்டுக்கு இரண்டு இடம்

1

இந்தக் கதை என்னிடம் தொலைபேசிக் கேள்வியாகத்தான் வந்தது. "டேய், உன் கல்யாணம் எந்தத் தேதிடா?" என்று அக்கா கேட்டாள். பதினொரு வருடமாக ஒரு தடவைகூட வாழ்த்த மறக்காதவள். தேதியைச் சொன்னேன். வருடத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

(இதை எழுதாதே என்றாள். எழுதுகிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருள் வண்டுகளின் பெருங்குடும்பத்தில் ஒரு துணைக்குடும்பம்—"

வேண்டாம், பாடப்புத்தக வாடை.

அக்கா அருங்காட்சியகத்தில் வண்டுகளை வகைபிரிப்பவள். இருள் வண்டுகளில், கால் நகத்தில் சீப்புப் பல் போல வரிசை உள்ள துணைக்குடும்பம் அவள் பொறுப்பு. எது எந்த இனம், எங்கெங்கே வாழ்கிறது என்று பட்டியல் போடுவாள். அதில் ஒரு பழுப்பு வண்டுக்கு இரண்டே இடம்: ஒரு பாறைக்குன்று, வெகு தொலைவில் ஒரு கடலோரக் காடு. கல்லுக்காகக் குன்றை உடைக்க அனுமதி கொடுத்தவர்கள், "அதான் காட்டுலயும் இருக்கே" என்று அவள் பட்டியலைத்தான் காட்டினார்கள்.

அது காட்டில் இருப்பதற்குச் சாட்சி, ஊசியில் குத்திய ஒரே ஒரு வண்டு. அதன் கீழே அக்காவின் கையெழுத்தில் சீட்டு. பிடித்த இடம், அந்தக் காடு; பிடித்தவர், அக்கா; பிடித்த நாள், என் கல்யாண நாள்.

அன்று அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். போட்டோ இருக்கிறது.

3

"அவள் நிமிர்ந்த நடையோடு மேலதிகாரியின் அறைக்குள்—"

பொய். மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள்தான் போனாள்.

"சீட்டு மாறிப்போச்சு சார். தப்பு என்னோடதுதான்."

"இப்பப் போய் இதைக் கிளறணுமா? உங்க பேருதாம்மா கெடும். பட்டியலோட அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"அதுக்குள்ள குன்னு இருக்காதே சார்."

அனுமதி அலுவலகத்துக்கு அவளே எழுதினாள், போட்டோவையும் வைத்து. பதில் வந்தது: காட்டில் பத்து நாள் தேடி அறிக்கை தரவும். அதுவரை குன்றில் வேலை நிற்கும்.

4

இன்று பத்தாம் நாள். கிளையைத் தட்டுகிறாள், கீழே விரித்த வெள்ளைத் துணியில் என்ன விழுகிறது என்று பார்க்கிறாள். வண்டு கிடைத்தால் அவள் பெயர் தப்பும், குன்று போகும். கிடைக்காவிட்டால் குன்று தப்பும், அவள் பெயர்…

(முடிவு ஒன்று: கிடைக்கிறது. முடிவு இரண்டு: கிடைக்கவில்லை. முடிவு மூன்று: கிடைக்கிறது, யாருக்கும் தெரியாமல் பறக்கவிடுகிறாள். மூன்றாவதை அடித்துவிட்டேன். அக்கா அப்படிச் செய்யமாட்டாள். மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.)

சற்றுமுன் அழைத்தாள்.

"இருக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே தேடுறேன்டா. அப்படித் தேடினா கண்ணுல படுமா?"

"ஒழுங்காத்தானேக்கா தேடுற?"

"அதான்டா தெரியல." கிளையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இரு, இரு. துணியில ஏதோ பழுப்பா விழுந்திருக்கு. லென்ஸை எடுக்கிறேன். வெச்சிடாத."

வைக்கவில்லை. அந்தக் கணத்தில், குன்று போனால் போகட்டும், அக்கா தப்பினால் போதும் என்று நினைத்தேன். அதனால்தான் இங்கே நிறுத்துகிறேன். இதற்குமேல் நான் எழுதினால், அந்த வண்டு எந்த இனம் என்பதை என் ஆசைதான் முடிவுசெய்யும்.

நீங்கள் குனிந்து பாருங்கள். ஆனால் பார்ப்பதற்கு முன், அது என்னவாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்பதை உங்களிடமே ஒருமுறை ஒப்புக்கொள்ளுங்கள்.